மெர்டேக்காவைக் கேட்ட ரேடியோவா இது?

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். தாத்தா வைத்திருந்த நேஷனல் டிரான்சிஸ்டர் ரேடியோ எங்கள் வீட்டில் இருக்கிறது. துங்கு அப்துல் ரஹ்மானின் மெர்டேக்கா (மலாயாவின் சுதந்திர) அறிவிப்பைத் தாத்தா இதில்தான் கேட்டார் என்கிறார் பெரியப்பா. தமிழ்ப்பள்ளிக் கண்காட்சிக்கு இதைக் கொடுக்கப் போகிறேன். அட்டையில் 1957 என்று எழுதலாமா? அலைவரிசைத் தட்டில் முக்கோணக் குறி இல்லையென்றால் 1963க்குப் பிந்தியது என்று இணையத்தில் படித்தேன். இதில் முக்கோணம் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், உட்புறம் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

1957 என்று எழுத வேண்டாம். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். மெர்டேக்காவுக்குப் பல ஆண்டுகள் கழித்து வந்த பெட்டி இது.

முதலில் அந்த முக்கோணத்தை விட்டுவிடுங்கள். அது அமெரிக்காவின் பனிப்போர்க் கால ஏற்பாடு. விமானத் தாக்குதல் வந்தால் மற்ற நிலையங்கள் அடங்கிவிடும், 640, 1240 கிலோசைக்கிள் ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் அறிவிப்பு வரும். அதற்காக அங்கே விற்ற ரேடியோக்களில் அந்த இடங்களைக் குறித்தார்கள். 1963இல் அந்த ஏற்பாடு முடிந்தது. பினாங்குக்கு வந்த பெட்டியில் அது எந்தக் காலத்திலும் இருக்கத் தேவையில்லை. அதனால் முக்கோணம் இல்லாததை வைத்து உங்கள் பெட்டியின் வயதைச் சொல்ல முடியாது.

வயதைச் சொல்வது வேறு விஷயங்கள். முன்பக்கத்தில் ‘சாலிட் ஸ்டேட்’ என்று வெள்ளி எழுத்தில் இருக்கிறது. ஐம்பதுகளின் பெட்டிகள் ‘6 டிரான்சிஸ்டர்’, ‘8 டிரான்சிஸ்டர்’ என்று எண்ணிக்கையைத்தான் நெற்றியில் போட்டுக்கொண்டன. ‘சாலிட் ஸ்டேட்’ அறுபதுகளின் நடுவில் பரவிய வாசகம். இதற்குப் பிந்தியது என்று ஒரு பக்க எல்லை கிடைத்துவிட்டது. மறுபக்க எல்லை தட்டில் இருக்கிறது. எண்களுக்குப் பக்கத்தில் ‘கே.சி.’, ‘எம்.சி.’ என்று கிலோசைக்கிளும் மெகாசைக்கிளும்தான் இருக்கின்றன. எழுபதுகளில் அவை கிலோஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ் ஆகிவிட்டன. உள்ளே 2எஸ்பி, 2எஸ்சி என்று தொடங்கும் டிரான்சிஸ்டர்கள் தெரிகின்றன. 2எஸ்சி பெரும்பாலும் சிலிக்கான் வகை. 1957இன் ஜப்பானிய டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியத்தில் ஆனவை. ஆக, அறுபதுகளின் பிற்பகுதி என்று தைரியமாக எழுதுங்கள்.

1957இல் டிரான்சிஸ்டர் ரேடியோவே இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் ரீஜென்சி டிஆர்-1 1954இல் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே ஜப்பானில் சோனி டிஆர்-55 வந்தது. ஆனால் அவை அப்போது புத்தம் புதுசு, விலையும் அதிகம். நம் மக்கள் வீடுகளில் ரேடியோ இருந்தால் அது பெரும்பாலும் வால்வு ரேடியோதான், டிரான்சிஸ்டருக்குப் பதில் சூடேறி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்கள் கொண்டது. நகரத்தில் சிலர் வீட்டில் ரெடிபியூஷன் பெட்டி இருந்தது. அது கம்பி வழியாக வரும் ஒலிபரப்பு. அலைவரிசையைத் தேடித் திருப்பும் தட்டு அதில் கிடையாது.

பழைய பொருள் வாங்கவும் விற்கவும் லோரோங் கூலிட் சந்தைக்குப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: பெயர்ப்பலகையை மட்டும் பார்க்காதீர்கள், பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஷார்ப் பெட்டியில் ‘ஹயகவா எலக்ட்ரிக்’ என்று இருந்தால் 1970க்கு முந்தியது; அந்த ஆண்டுதான் நிறுவனத்தின் பெயர் மாறியது. சோனியில் டிஆர் என்று தொடங்கும் எண் டிரான்சிஸ்டர் ரேடியோ, ஐசிஆர் என்றால் உள்ளே ஒருங்கிணைந்த சுற்று, அதாவது 1967ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. முன்பக்கம் சொல்லும் டிரான்சிஸ்டர் எண்ணிக்கையை அப்படியே நம்பவும் வேண்டாம். கணக்கைக் கூட்டிக் காட்ட, வேலையே செய்யாத டிரான்சிஸ்டர்களைப் பலகையில் பற்றவைத்த தயாரிப்பாளர்கள் உண்டு.

உங்கள் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இரண்டாவது சிற்றலை வரிசையில், 11க்கும் 12க்கும் நடுவே, கண்ணாடிமேல் பேனாவால் ஒரு சின்னக் கோடு. அது 25 மீட்டர் அலைவரிசை இருக்கும் இடம். தூரத்து நாட்டு நிலையங்கள் வந்த இடம். தாத்தா தினமும் தேடிப் பிடித்த நிலையம் ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். தயவுசெய்து அதைத் துடைத்துவிடாதீர்கள். தின்னர், ஸ்பிரிட் எதுவும் தட்டின்மேல் படக்கூடாது, அச்செழுத்தும் சேர்ந்து போய்விடும். காய்ந்த துணி போதும்.

பேட்டரி அறையில் பச்சையாகப் பூத்திருக்கிறது. பழைய பேட்டரி கசிந்த உப்பு அது. கண்காட்சிக்கு முன் புதுப் பேட்டரி போட்டுப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்து அந்தத் தகடுகளையும் மின்தேக்கிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடினாலும் மின்னல் எஃப்எம் இதில் வராது, இதில் பண்பலை இல்லை.

பெரியப்பாவின் நினைவு பொய் என்று நான் நினைக்கவில்லை. 1957 ஆகஸ்ட் 31 காலை துங்குவின் குரலைத் தாத்தா கேட்டிருப்பார். அது வேறு பெட்டியாக இருந்திருக்கும். பெரியப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: அந்த ரேடியோவைப் போட்டதும் சத்தம் உடனே வந்ததா, கொஞ்ச நேரம் சூடேறிய பிறகு வந்ததா? கொஞ்ச நேரம் ஆனது என்றால் அது வால்வு ரேடியோ. உடனே வந்தது, திருப்பத் தட்டே இல்லை என்றால் ரெடிபியூஷன். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள், அட்டையின் இரண்டாம் வரியைச் சேர்ந்தே எழுதிவிடலாம்.