சட்ட ஆலோசனை: சுடுதண்ணியும் முத்திரை ஒட்டிய கடிதமும்

கேள்வி: ஐயா, நானுஓயாவுக்குப் பக்கத்தில் சிறிய பேக்கரி நடத்துகிறேன். விறகுப் போறணையை விட்டு கேஸுக்கு மாறி 14 மாதம். பின் சாய்ப்பில் நான்கு பெரிய சிலிண்டர், அங்கிருந்து போறணைக்குக் குழாய். 11 கிழமைக்கு முன் விடியற்காலையில் குழாய் இணைப்பில் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. வேலை செய்த 24 வயதுத் தம்பிக்குக் கையும் தொடையும் வெந்து 19 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய அப்பாவிடம் 75,000 ரூபாய் கொடுத்து, முத்திரை ஒட்டிய கடிதமும் வாங்கிவிட்டேன். இப்போது தொழில் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. குழாய் போட்ட பாஸ் போன் எடுப்பதில்லை. பிரதேச சபையில் இருந்து ஒரு நாளும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. வெளிநாட்டில் கேஸ் குழாயை அரசாங்கமே பரிசோதிக்கிறது. இங்கே கடமையைச் செய்யாத அதிகாரிகள் மீது வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடுவதைப் பற்றி யோசிக்கும் நிலையில் நீங்கள் இல்லை. உங்கள் மீது வரப்போகிற வழக்கைப் பற்றி யோசியுங்கள்.

எனக்கு அனுப்பிய ஏழு பக்கத்தில் ஐந்து பக்கம் ஆத்திரம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பணிஸ் வாங்கிக்கொண்டு காசு தராமல் போனது, 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் சிலிண்டர் வெடித்தது, சிலிண்டர் கேஸ் கலவையில் புரொப்பேன் என்ற வாயு கூடியது, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கலவைக் கதை உண்மைதான், ஜனாதிபதி குழுவே போட்டார். ஆனால் அன்று விடிய உங்கள் சாய்ப்பில் இருந்த சிலிண்டரில் என்ன கலவை இருந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு போவதும் சரிவராது. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். குழாய் வாங்கி 14 மாதம்.

உங்கள் விஷயம் முழுவதும் ஒரே வரியில் நிற்கிறது. அந்த வரியை எழுதியவரும் நீங்கள்தான். பிரதேச சபைக்கு அனுப்பிய முறைப்பாட்டின் இரண்டாம் பக்கம்: "குளிர் நேரத்தில் கேஸ் வராதபோது பொடியன்கள் சிலிண்டருக்குச் சுடுதண்ணி ஊற்றுவது வழமை, நானும் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்."

மலையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். சிலிண்டர் கேஸில் இருக்கிற பியூட்டேன் என்ற வாயு ஆவியாக ஓரளவு சூடு வேண்டும். பூச்சியப் பாகையை ஒட்டி வந்தால் அது திரவமாகவே கிடக்கும். தை மாதத்துப் பனியில் அடுப்பு இருமும், யாராவது கேத்தலைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஊரே செய்வதால் ஆபத்துக் குறைவதில்லை. சூடு ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தமும் ஏறும். அந்த அழுத்தத்தின் முன்னால் உங்கள் இணைப்பு எப்படி இருந்தது என்பதை நீங்கள் அனுப்பிய போட்டோவில் பார்த்தேன். இறப்பர்க் குழாயின் வாயில் கிளிப் இல்லை, கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருக்கிறது.

வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டினுடையது. வேலையின்போது காயப்பட்டால் முதலாளி கொடுக்க வேண்டும். முதலாளியின் பிழையைத் தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்று காட்டினால் தப்பப் பார்க்கலாம். உங்களுக்கு அந்த வழி இருந்திருக்கும். "நானும் பார்த்திருக்கிறேன்" என்று எழுதி, அமைச்சருக்கும் பிரதி போட்டு, கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தில் ஒருவர் தனக்கு எதிராகச் சொன்ன வார்த்தைக்கு இருக்கிற பெறுமதி பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

வெளிநாட்டுக் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் இயற்கை எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புக்கென்றே 1968இலிருந்து மத்திய சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும் 2010 செப்டம்பர் 9ஆம் திகதி கலிபோர்னியாவின் சான் புரூனோவில் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. 1956இல் புதைத்த குழாய். நிறுவனத்தின் பதிவேட்டில் அது பொருத்தே இல்லாத குழாய். தோண்டிப் பார்த்தால் நெடுகப் பற்றவைப்பு, அதுவும் அரைகுறை. மேற்பார்வை பார்த்த அரச ஆணைக்குழுவும் கோட்டை விட்டது என்று விசாரணை அறிக்கை எழுதியது. அதனால் நிறுவனம் தப்பியதா? 2015இல் 160 கோடி டொலர் தண்டம், 2016இல் குற்றவியல் வழக்கில் ஜூரி குற்றவாளி என்றது. அங்கேயும் குழாயை நடத்துகிறவன்தான் குழாய்க்குப் பொறுப்பு. பரிசோதகர் வந்து பார்ப்பது அவன் வைத்திருக்கிற பதிவேட்டை. உங்கள் சாய்ப்புக் குழாயைப் பார்க்க யாரும் வரவில்லை என்பது உண்மை. ஆனால் அது உங்களுக்குக் கேடயம் ஆகாது. தவிர, போறணை வைத்துப் பாண் செய்து விற்கிற இடம் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத விபத்தை அறிவிக்க வேண்டியவர் நீங்கள். அறிவித்தீர்களா? பிந்தினாலும் பரவாயில்லை, இந்தக் கிழமையே அறிவியுங்கள்.

அடுத்தது அந்த முத்திரைக் கடிதம். எனக்குப் பயமே இதில்தான். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வருகிற ஆட்களில் பலர் இந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இதோ, கணக்கு முடிந்தது" என்று நிம்மதியாக உட்கார்வார்கள். உங்கள் பிரதியில் தோட்டத் தலைவர் சாட்சி, அப்பாவின் பெருவிரல் அடையாளம், "இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்" என்ற வாசகம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் செல்லாது. காயப்பட்டவர் வயது வந்த ஆள், கையொப்பமிட்டது அவர்கூட இல்லை. தோட்டத் தலைவர் நல்லவராக இருக்கலாம், நட்டஈட்டைத் தீர்மானிக்கிற வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர் அவர் இல்லை. கொடுத்த 75,000ஐக் கழிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். முடிந்த கணக்கு என்று வாதாடினால், லயத்துக்குப் போய் வறுமையை விலை பேசியவர் என்ற பெயர்தான் கிடைக்கும். விசாரணை அதிகாரியின் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"எப்படியும் 5½ இலட்சத்துக்கு மேல் போகாது" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கணக்கு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு உச்ச வரம்பு 20 இலட்சம் ரூபாய். இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தத் தம்பி ஆணையாளரிடம் போகாமல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் உங்கள் கவனயீனத்தைக் காட்டி இழப்பீடு கேட்கலாம், அங்கே உச்ச வரம்பே கிடையாது. அதற்கு அவருக்கு இரண்டு வருடம் இருக்கிறது. கட்டுக்கம்பிப் போட்டோவும் உங்கள் முறைப்பாடும் இருந்தால் அவருடைய சட்டத்தரணிக்கு அதிக வேலை இல்லை. இரண்டு இடத்திலும் வாங்க முடியாது என்பதால், ஆணையாளரிடம் சுமுகமாக முடிப்பதுதான் உங்களுக்கு மலிவு.

ஆகவே சமாதானமாகப் போங்கள். வலது கை விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இயலாமை எவ்வளவு என்று மருத்துவ அறிக்கை வரட்டும், நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி தொகையைப் பாருங்கள், ஆணையாளர் முன்னால் உடன்பட்டு அவர் ஊடாகவே கட்டுங்கள். சிகிச்சைக்குப் போய்வர பஸ் காசை இன்றிலிருந்தே கொடுங்கள், ரசீது வேண்டாம். பிரதேச சபைக்கு இனி ஒரு கடிதமும் போகக் கூடாது. பேஸ்புக்கில் போட்டதையும் யாரோடும் வளர்க்க வேண்டாம்.

பாஸ் மேல் போகலாமா? எழுத்து ஒப்பந்தம் இல்லை, "பிட்டிங் கூலி" என்று மட்டும் எழுதிய கால் தாள் இருக்கிறது. வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், கவனயீனத்துக்கு இரண்டு. அவசரம் காலத்தில் இல்லை, சாட்சியத்தில். தீப்பிடித்து இரண்டாம் நாளே குழாயை மாற்றி, பழைய ரெகுலேட்டரையும் வால்வையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இணைப்பு இல்லாமல், கம்பி கட்டியது பாஸா, பிறகு உங்கள் பேக்கரியில் யாராவதா என்று எப்படிக் காட்டுவீர்கள்? பித்தளைச் சாமான் சில வேளை மூட்டையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். நாளைக் காலை முதல் வேலையாக அந்தக் கடைக்குப் போங்கள். இருந்தால் துடைக்காமல், கழுவாமல், கம்பியை அவிழ்க்காமல் பையில் போட்டுக் கட்டுங்கள். எந்தத் திகதியில் யாரிடம் வாங்கினார் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். அப்புறம் அந்தப் பையோடு வந்து என்னைப் பாருங்கள்.