பழைய லாங்-ஈஸி விமானத்தில் கார் பெட்ரோல்: டேங்க்குக்குள் பூச்சு ஊற்றினால் எத்தனாலைத் தாங்குமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். 1980களில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் கட்டிய லாங்-ஈஸி விமானத்தைப் போன வருடம் வாங்கினேன், நான் மூன்றாவது உரிமையாளர். லைகாமிங் ஓ-235 எஞ்சின். விமானப் பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை. கார் பெட்ரோல் போடலாம் என்றால் அதில் 10 சதவீதம் எத்தனால். டேங்க்குக்குள் ஊற்றிச் சுழற்றி வடித்துவிட்டால் எத்தனாலைத் தாங்கும் என்று ஒருவர் பூச்சுக் கிட் விற்கிறார். ரோடாக்ஸ் எஞ்சின் வைத்திருக்கும் நண்பர் பல வருடமாக இந்தப் பெட்ரோலைத்தான் போடுகிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் செய்யலாமா?

பதில்: அந்தக் கிட்டை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். உங்கள் டேங்க்கைக் காப்பாற்ற ஒரே வழி எத்தனாலை உள்ளே விடாமல் இருப்பது.

லாங்-ஈஸியில் டேங்க் என்று கழற்றி வைக்கக்கூடிய தனிப் பொருள் கிடையாது. இறக்கை உடலோடு சேரும் அகலமான பகுதிதான் டேங்க், இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 52 காலன். கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் (காய்ந்தால் கெட்டியாகும் பிசின்) நுரையும் சேர்த்துக் கட்டி, மேலே மூடி ஒட்டியாயிற்று. எந்தப் பூச்சும் பிடிக்க வேண்டுமானால் அடிப்பரப்பைச் சுத்தம் செய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். நாற்பது வருடம் பெட்ரோல் ஊறிய ஒரு பெட்டிக்குள், மூடித் துளை வழியாக யார் எப்படித் தேய்ப்பது? ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி அது ஒரு நாள் படலம் படலமாக உரியும், உரிந்தது நேராக எஞ்சினுக்குப் போகும் வாயில் போய் அடைக்கும். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்களின் அலுமினிய டேங்க்குகளிலேயே, இதே போல உள்ளே ஊற்றிச் சுழற்றிய பழைய ஸ்லாஷ் பூச்சு உரிந்து, நிறுவனமே சோதிக்கச் சொல்லி அறிவிப்பு விட வேண்டி வந்தது. நோவலாக் எபாக்சி என்று ரசாயனங்களைத் தாங்கும் நல்ல ரெசின் சரக்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது டேங்க்கை மூடுவதற்கு முன், கட்டும்போதே தடவ வேண்டியது. இதைக் கிட் விற்பவர் உங்களிடம் சொல்லமாட்டார். "எத்தனால் ப்ரூஃப்" என்று வாயால் சொல்கிறவரிடம் என்ன ரெசின், எந்தப் பரப்புக்கு, எத்தனை சதவீத எத்தனால் வரை என்று எழுதிக் கேளுங்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். விமான விற்பனைத் தரகர்களும் இதே ரகம்தான், விளம்பரத்தில் "கார் பெட்ரோல் போடலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள், அதற்கு ஆதாரம் கேட்டால் முந்தைய உரிமையாளர் சொன்னார் என்பார்கள்.

வீட்டில் கட்டிய விமானத்தில் திட்டப்படத்தில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று நம்ப வேண்டாம். 1997இல் பாடகர் ஜான் டென்வர் ஓட்டி விழுந்ததும் லாங்-ஈஸிதான். அதில் டேங்க் மாற்றும் வால்வைக் கட்டியவர் திட்டப்படத்தில் சொன்ன இடத்தில் வைக்காமல் ஓட்டுநரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அங்கே பிரச்சினை எத்தனால் இல்லை. ஆனால் ஒரு வால்வையே இடம் மாற்றுகிறவர்கள் இருக்கும்போது ரெசினை மாற்றியிருக்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? கட்டியவரின் பழைய குறிப்பேடு கிடைத்தால் ரெசின் பெயரைத் தேடுங்கள். பாலியெஸ்டர் என்று இருந்தால் ஒரு சொட்டு எத்தனாலும் கூடாது.

எத்தனால் என்ன செய்யும் என்பதைப் படகுக்காரர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள். 2004இல் நியூயார்க் மாநிலம் பெட்ரோலில் கலந்துவந்த எம்டிபிஇ என்ற சேர்மானத்தைத் தடை செய்து, அதன் இடத்துக்கு எத்தனால் வந்ததும், லாங் ஐலண்ட் பக்கம் 1960, 70களின் பழைய ஃபைபர்கிளாஸ் டேங்க் படகுகளில் எஞ்சின்கள் வரிசையாகக் கெட்டன. ரெசின் பெட்ரோலிலேயே கரைந்து, ஃபில்டரைத் தாண்டிப் போய், உள்ளிழுக்கும் வால்வுகளில் கறுப்புப் பிசுக்காகப் படிந்தது. கரைந்த பொருளை ஃபில்டர் பிடிக்காது, அதனால் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைய முடியாது. உங்கள் விமானத்தில் இன்னொன்றும் உண்டு: இறக்கைக்குள் இருப்பது பாலிஸ்டைரீன் நுரை. டேங்க் கசிந்து பெட்ரோல் அதில் பட்டால் நுரை கரைந்துபோகும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

சரி, உங்கள் நண்பர் கதைக்கு வருவோம், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். ரோடாக்ஸ் 912க்கு 10 சதவீத எத்தனால் வரை அதன் தயாரிப்பாளரே அனுமதிக்கிறார், உண்மைதான். அந்த அனுமதி எஞ்சினுக்கு. டேங்க், குழாய், ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம், வால்வு எல்லாம் விமானத்தைக் கட்டியவர் பொறுப்பு. நண்பருடையது தொழிற்சாலையில் வந்த விமானமாக இருந்தால், அந்த விமானத்தின் கையேட்டிலும் அனுமதி இருந்தால், அவர் தாராளமாகப் போடட்டும். எஞ்சின் கையேட்டில் மட்டும் இருந்தால் அவரும் போடக்கூடாது, இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது ஆதாரம் ஆகாது. உங்களுடையதோ லைகாமிங். அதிலும் ஓ-235இல் பல வகை, 8.5:1 அழுத்த விகிதம் உள்ள எல்2சி என்றால் சாதாரணக் கார் பெட்ரோல் எத்தனால் இல்லாவிட்டாலும் ஆகாது. முதலில் எஞ்சின் தகட்டில் உள்ள வகை எண்ணைப் பாருங்கள்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. விமானப் பெட்ரோலில் தண்ணீர் அடியில் தங்கும், காலையில் வடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனால் கலந்ததில் ஒரு காலனுக்கு மூன்று நான்கு தேக்கரண்டித் தண்ணீர் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மேலே ஏற ஏற, ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் குளிரும். பத்தாயிரம் அடியில் அந்தத் தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு பிரிந்து அடியில் இறங்கும், அடியிலிருந்துதான் எஞ்சின் குடிக்கிறது. மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் (எஞ்சினில் தட்டாமல் எரியும் தரம்) குறைந்திருக்கும்.

உங்கள் எஞ்சின் குறைந்த அழுத்த வகையாக இருந்து, கார் பெட்ரோலே வேண்டும் என்றால் எத்தனால் இல்லாதது தேடுங்கள். படகுத்துறை பங்க்குகளில் கிடைக்கும். ஒவ்வொரு கேனையும் சோதியுங்கள். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல், குலுக்கி வைத்தால் தண்ணீர்க் கோடு 10இலேயே நிற்க வேண்டும். ஏறினால் எத்தனால் இருக்கிறது. பங்க்கின் பலகையை நம்ப வேண்டாம், சில மாநிலங்களில் 10 சதவீதம் கலந்ததாக எழுதி ஒட்ட வேண்டிய கட்டாயமே இல்லை! சட்டம் போட்டு எத்தனாலை எல்லா பங்க்கிலும் நுழைக்கத் தெரிந்தவர்களுக்கு எல்லா பங்க்கிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வைக்க முடியவில்லை. ஒரே குழாயில் மூன்று ரகம் வரும் பங்க் என்றால் முதல் காலனைக் காரில் விடுங்கள், முன்னால் நின்றவர் வாங்கியதன் மிச்சம் குழாயில் இருக்கும். தண்ணீர் கலந்து எத்தனாலைக் கழுவி எடுக்கும் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள், ஆக்டேனும் சேர்ந்தே போய்விடும்.

ஒருவேளை ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், பறக்கவும் வேண்டாம். முழுவதும் வடித்து விமானப் பெட்ரோல் நிரப்புங்கள். அப்புறம் கார்புரேட்டர் கிண்ணத்தையும், பெட்ரோலில் வரும் தண்ணீரையும் அழுக்கையும் பிடிக்கும் கேஸ்கொலேட்டரையும் திறந்து கொழகொழப்பு இருக்கிறதா பாருங்கள், மூடித் துளை வழியாக மரக்குச்சி விட்டு டேங்க்கின் அடியைச் சுரண்டுங்கள். பரப்பு மெத்தென்று இருந்தாலோ குச்சியில் பிசுக்கு ஒட்டினாலோ விமானத்தை அப்படியே நிறுத்திவிட்டு ஏ அண்ட் பி மெக்கானிக்கை, அதாவது உரிமம் பெற்ற விமான மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கட்டியவர் நீங்கள் இல்லை என்பதால் வருடாந்திரச் சோதனையில் உங்கள் கையெழுத்து செல்லாது, அவர்தான் போட வேண்டும். பூச்சு ஊற்றலாமா என்று அவரே கேட்டால் வேறு மெக்கானிக் பாருங்கள்.