கோல்கீப்பரின் கிளினிக்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியை, அதாவது படுகர் சிற்றூரைச் சேர்ந்தவள். பல் மருத்துவப் படிப்பின் ஐந்தாவது ஆண்டில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். பள்ளி நாளிலிருந்து கால்பந்து ஆடுகிறேன். கல்லூரி அணியில் கோல்கீப்பர். இன்னும் சில மாதங்களில் ஊர் திரும்பி கிளினிக் தொடங்க வேண்டும். பச்சைத் தேயிலை விற்ற காசில்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பல் டாக்டர் சேற்றில் உருண்டால் யார் உன்னிடம் வந்து வாயைத் திறப்பார்கள்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம்." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பூட்ஸைப் பரணில் போட மனம் வரவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்ட பல் மருத்துவர்கள் யாராவது உண்டா? அல்லது இது சின்னப்பிள்ளைத்தனமா?

இன்னொன்று. விடுமுறையில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பல்லில் அடிபடாமல் இருக்க வாயில் மாட்டும் பற்காப்பைப் போடச் சொன்னால், ஆட்டத்தில் கூப்பிட்டுப் பேச முடியவில்லை என்கிறார்கள். வற்புறுத்தலாமா?

என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, கோத்தகிரி

*

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தை என் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் நாக்கால் முன்பல்லைத் தடவிக்கொண்டான். அது அவனோடு முளைத்த பல் இல்லை, கட்டிய பல். அந்தக் கதையிலிருந்துதான் என்னால் உங்களுக்குப் பதில் சொல்ல முடியும்.

1986. மரடோனா உலகக் கோப்பையைத் தூக்கிய ஆண்டு. மழை விட்ட ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளி மைதானத்தில் ஆட்டம். நம் மலை மைதானங்களை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரிவை வெட்டிச் சமன் செய்த இடம். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலை. பந்து தேயிலைக்குள் போனால் ஆட்டம் நிற்கும், மூடுபனி இறங்கினால் எதிர்க் கோல் தெரியாது. தம்பிக்கு அப்போது பதின்மூன்று வயது. கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்ட எழும்பினான். கூடவே எழும்பியவனின் முழங்கை வாயில் இடித்தது. மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று புல்லில் விழுந்தது.

நான்தான் தேடி எடுத்தேன். ஒரு பல் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் பார்த்தேன். வெளியே தெரிவதைவிடப் புதைந்திருப்பது அதிகம். வேரின் மேல் இளஞ்சிவப்பாக மெல்லிய ஏதோ ஒட்டியிருந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய், பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து, வெள்ளையாகும்வரை கழுவினார். பஞ்சில் சுற்றிக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தார். நல்ல மனிதர். அவர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவர் தேய்த்துப் போக்கியது அழுக்கு இல்லை, பல்லை எலும்போடு பிணைக்கும் நாரின் உயிரணுக்கள் என்பது உங்களுக்குப் பாடம். எனக்கு அது அன்று மாலை குன்னூரில் தெரிந்தது.

பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. பல் மருத்துவர் டென்னிஸ் ஆடப் போயிருந்தார். கம்பவுண்டர் ஓடிப்போய் அழைத்துவந்தார். வெள்ளைக் கான்வாஸ் ஷூவும் வியர்வையில் நனைந்த சட்டையுமாக அப்படியே வந்து நின்றார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே தம்பியிடம் கேட்டார்: "தலை சுற்றுகிறதா? வாந்தி வந்ததா?" இல்லை என்று தலையசைத்தான். அடுத்த கேள்வி, "எந்த இடத்தில் ஆடுகிறாய்?" வாயில் துணியோடு "சென்டர் ஃபார்வர்ட்" என்றான். "கார்னரா?" "ஆமாம்." "அப்படியானால் முழங்கை." வாயைத் திறந்து பார்க்கும் முன்பே சொல்லிவிட்டார். கோத்தகிரியிலிருந்து குன்னூர்வரை அழுதுகொண்டே வந்தவன் அந்த நிமிடம் அழுகையை நிறுத்தினான்.

பல்லைக் குழியில் வைத்துக் கம்பியால் பக்கத்துப் பற்களோடு இணைத்தார். நெடுநாள் நிற்காது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான்கு ஆண்டு நின்றது. வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அவன் கல்லூரியில் சேரும் முன் விழுந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்பே நடந்தது. இரண்டு வாரம் கழித்துக் கம்பியை எடுத்த அன்று, எங்கள் பள்ளி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் வந்து நின்றார். முதலில் எங்களோடு பந்து உதைத்தார். பிறகு, எப்போதோ யாருக்கோ பிடுங்கிய பல் ஒன்றையும் ஒரு பால் பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு பேசினார். ஆசிரியரும் நின்று கேட்டார். அவர் மனம் நோகும்படி ஒரு சொல்கூட வரவில்லை. அன்று சொன்னதை இன்றும் வரிசை மாறாமல் என்னால் ஒப்பிக்க முடியும். பல்லின் தலையைப் பிடி, வேரைத் தொடாதே. தேய்க்காதே. மண் ஒட்டியிருந்தால் பாலில் ஒருமுறை அலசு. முடிந்தால் அங்கேயே குழிக்குள் திருப்பி வைத்து, துணியைக் கடித்துக்கொண்டு வா. முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓடி வா. பால்பல் விழுந்தால் மட்டும் திருப்பி வைக்காதே.

அந்த மனிதர் டென்னிஸ் ஆடியதால் அவர் தொழில் குறைந்துபோனதா என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். ஆடுகிறவராக இருந்ததால்தான் மைதானத்துக்கு வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

உலக அளவில் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கோல்கீப்பர் என்பதால் ஐஸ்லாந்திலிருந்து தொடங்குகிறேன். ஹெய்மிர் ஹால்கிரிம்சன் பல் மருத்துவர். வெஸ்ட்மன்னயார் என்ற தீவுக்கூட்டத்தில், நான்காயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரைச் சேர்ந்தவர். 1973இல் அங்கே எரிமலை வெடித்து ஊரே காலி செய்யப்பட்டபோது அவர் ஐந்து வயதுச் சிறுவன். பின்னாளில் அதே ஊரில் பல் பார்த்துக்கொண்டு, பெண்கள் அணிக்கும் ஆண்கள் அணிக்கும் பயிற்சி கொடுத்தார். தேசிய அணிக்குப் போன பிறகும் கிளினிக்கை விட்டுவிடவில்லை. 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று ஐஸ்லாந்து வீழ்த்தியபோது, லார்ஸ் லாகர்பேக்குடன் சேர்ந்து அணியை நடத்தியவர் அவர்தான். 2018 உலகக் கோப்பையில் தனியாகப் பொறுப்பேற்று அர்ஜென்டினாவுடன் 1-1 என்று சமன் செய்தார். அந்த ஆட்டத்தில் மெஸ்ஸியின் பெனால்டியைப் பாய்ந்து தடுத்த கோல்கீப்பர் ஹன்னஸ் ஹால்டர்சன் தொழிலால் திரைப்பட இயக்குநர்.

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை அப்போது சுமார் மூன்றரை லட்சம். நம் நீலகிரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 7,35,394 பேர். நம்மில் பாதிகூட இல்லாத ஒரு நாடு உலகக் கோப்பைக்குப் போனது என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆட்கள் குறைவாக இருக்கும் இடத்தில் ஒருவரே இரண்டு வேலை செய்தாக வேண்டும். அங்கே பல் மருத்துவர் பயிற்சியாளராக இருப்பதை யாரும் ஆற்றில் ஒரு கால் என்று சொல்லவில்லை. மலையும் ஒருவகையில் தீவுதான்.

தொழிலை விட்டுவிட்டு ஆட்டத்துக்கே போனவரும் உண்டு. கேரி மிடில்காஃப் அமெரிக்க ராணுவத்தில் பல் மருத்துவராக இருந்தவர்; பிறகு கோல்ஃப் ஆடப் போய் 1949இலும் 1956இலும் அமெரிக்க ஓபன் வென்றார். முதலில் ஆடிவிட்டுப் பிறகு பல் மருத்துவம் படித்தவர் ஜிம் லோன்போர்க். 1967இல் அமெரிக்கன் லீகின் சிறந்த பந்துவீச்சாளர் விருது வாங்கிய பேஸ்பால் வீரர். ஓய்வு பெற்ற பிறகு 1983இல் பல் மருத்துவப் பட்டம் வாங்கி, கிளினிக் நடத்தினார்.

என் மனதுக்கு நெருக்கமானவர் இவர்கள் யாருமில்லை, ஜார்ஜ் கிராண்ட். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் மகன். 1870இல் ஹார்வர்டில் பல் மருத்துவப் பட்டம் பெற்று, அங்கேயே கற்பித்த முதல் கறுப்பின ஆசிரியர். பிளவுண்ட அண்ணத்தோடு பிறந்தவர்கள் பேசவும் விழுங்கவும் செயற்கை அண்ணம் செய்து கொடுப்பதில் கைதேர்ந்தவர். அவருக்கு கோல்ஃப் பைத்தியம். ஊட்டியிலும் வெலிங்டனிலும் கோல்ஃப் மைதானங்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் அடிக்குப் பந்தை ஒரு சிறு முளையின் மேல் வைப்பார்கள் அல்லவா? அந்தக் காலத்தில் ஈர மணலைப் பிசைந்து குவித்துத்தான் வைத்தார்கள். கிராண்ட் மரத்தில் முளை செய்து 1899இல் காப்புரிமை வாங்கினார். விற்கவில்லை; நண்பர்களுக்குக் கொடுத்தார். கால் நூற்றாண்டு கழித்து அத்தகைய முளையைச் சந்தைக்குக் கொண்டுவந்த வில்லியம் லோவெல்லும் பல் மருத்துவர்தான். மணலைப் பிசைந்து விரல்கள் சொரசொரப்பாவது பிடிக்காமல்தான் அவர் மரத்துக்குப் போனார் என்பார்கள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விரல் வைப்பவருக்கே அப்படித் தோன்றும்.

உங்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு பொருள் இருக்கிறது. வேர் சிகிச்சையில் பல்லின் வேர்க்குழாயை அடைக்க நீங்கள் தினமும் எடுத்து வைக்கும் கட்டாபெர்ச்சா. மலாய் நாட்டு மரம் ஒன்றின் பால். நம் இலுப்பையின் குடும்பம். 1848 முதல் கோல்ஃப் பந்தை அதில்தான் செய்தார்கள். 1890இல் லண்டன் பல் மருத்துவர் உல்ஃப் கிரௌஸ், குத்துச்சண்டைக்காரர்களின் உதடு கிழியாமல் இருக்க அதே கட்டாபெர்ச்சாவைப் பட்டையாக்கி மேல் பற்களின் மேல் பொருத்தினார். அவர் மகன் பிலிப்பும் பல் மருத்துவர், குத்துச்சண்டை பழகியவர். திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய ரப்பர் காப்பை அவர் கொண்டுவந்தார். உங்கள் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லும் பற்காப்பு, அடிபடுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த பல் மருத்துவர்களின் கையில் உருவானது.

லோவெல்லின் விரல்களைச் சொன்னதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதில் நான் உங்கள் அப்பா பக்கம். கோல்கீப்பரின் விரல் எப்போது வேண்டுமானாலும் மடங்கும். ஒரு விரல் முறிந்தால் உங்கள் கிளினிக் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். அப்பா தேயிலை விற்ற பணம் அதற்குள் இருக்கிறது. போட்டி ஆட்டங்களில் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்பதை நிறுத்துங்கள் என்றே சொல்வேன். வேறு இடத்தில் ஆடுங்கள், பயிற்சி கொடுங்கள், ஓடுங்கள். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மைதானத்தை விடாதீர்கள்.

விடக்கூடாது என்பதற்கு நம் சாலைகளே காரணம். வெளியே வந்த பல் உலர உலரச் செத்துக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் திரும்ப வைத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, ஒரு மணி நேரம் உலர்ந்துவிட்டால் ஏறக்குறைய இல்லை. சமவெளியில் அரை மணியில் மருத்துவரிடம் போய்விடலாம். இங்கே அரை மணியில் எத்தனை கொண்டை ஊசி வளைவு தாண்ட முடியும்? ஆகவே நம் ஊரில் பல்லைக் காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் நிற்பவர்தான்; அவருக்குச் சொல்லித் தர வேண்டியவர் நீங்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நம் மலையில் தேநீர்க் கடை இல்லாத வளைவு உண்டா? கடைக்காரர் அடுப்பில் ஏற்றாத பாலில் ஒரு டம்ளர் கொடுத்தால் போதும். கோத்தகிரி, குன்னூர்ச் சாலைக் கடைக்காரர்களுக்கு இதைச் சொல்லிவைக்க ஒரு பல் மருத்துவர் முனைந்தால், என் தம்பிக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்காது.

அடிபடுவது மட்டுமில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 302 வீரர்களின் வாயைச் சோதித்தார்கள். 55 சதவீதத்தினருக்குச் சொத்தை. வாய்க் கோளாறு தங்கள் பயிற்சியையோ ஆட்டத்தையோ பாதித்ததாக 18 சதவீதத்தினர் சொன்னார்கள். உலகின் தலைசிறந்த உடல்கள் அவை. ஓடும்போது வாயால் மூச்சு விட்டு எச்சில் வறண்டுவிடுகிறது. அந்த வறண்ட வாயில் இனிப்பும் புளிப்பும் கலந்த பானத்தை மடக்கு மடக்காகக் குடிக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளின் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அடுத்தமுறை பாருங்கள்.

யார் வந்து வாயைத் திறப்பார்கள் என்று அப்பா கேட்கிறார். பல் நாற்காலியைக் கண்டால் பெரியவர்களே பயப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களோடு சேற்றில் விழுந்து எழுந்த பிள்ளை திங்கட்கிழமை உங்களிடம் பயமில்லாமல் வாயைத் திறப்பாள். பின்னாலேயே அவள் அம்மா வருவார். அப்பாவை ஒருநாள் மைதானத்துக்கு அழைத்துவந்து உட்கார வையுங்கள். வாதாட வேண்டாம்.

பற்காப்புக்கு வருகிறேன். வற்புறுத்துங்கள். நியூசிலாந்தில் 1998 முதல் ரக்பிக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். பல் காயங்களுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் சில ஆண்டுகளில் 43 சதவீதம் குறைந்தன. பேச முடியவில்லை என்று பிள்ளைகள் சொல்வது உண்மைதான். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் வகை தடிமனாக, தளர்வாக இருக்கும். விழாமல் பிடித்துக்கொள்ளவே பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் கையில்தான் வேறு வழி இருக்கிறதே. ஆல்ஜினேட் என்ற அச்சுப் பசையில் அளவெடுத்து, பிளாஸ்டர் வார்த்து, அதன் மேல் பிளாஸ்டிக் தகட்டை இளக்கி உறிஞ்சவைத்துச் செய்தால் மேல் பற்களில் தானாகக் கவ்வி நிற்கும். பெயர் சொல்லிக் கூப்பிடலாம், தண்ணீர்கூடக் குடிக்கலாம். வளரும் பிள்ளைகள், பல் முளைத்துக்கொண்டிருக்கும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். முதலில் கோல்கீப்பருக்கும், தலையால் முட்டும் பிள்ளைகளுக்கும் செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு ஆடுகிறீர்கள் என்று தம்பி கேட்கச் சொன்னான். நாங்கள் இருவரும் வருகிறோம். பால் அவன் கொண்டுவருவதாகச் சொல்கிறான்.

அன்புடன்.