பீல் ஆற்றுப் பக்கம் கிளெயிம் வாங்கலாமா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த தரகர், கனடாவின் வடமேற்கிலுள்ள யூக்கொனில், பீல் ஆற்றின் கிளையான பொனட் புளூம் ஆற்றுப் பக்கம் எட்டு குவார்ட்ஸ் கிளெயிம்கள் (பாறையிலுள்ள கனிமத்துக்கான உரிமைகள்), மொத்தம் 413 ஏக்கர், 24,000 டொலருக்குத் தருகிறாராம். "அரசாங்கம் அந்தப் பகுதியில் 83 வீதத்தைப் பூட்டிவிட்டது, இனிப் புதுசு கிடைக்காது, பழசுக்கு விலை ஏறும், கோடையில் போய் நிற்க ஒரு சின்ன வீடும் கட்டலாம்" என்கிறாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் தரகர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்து.

முதலில் அந்த 413 ஏக்கர். ஒரு கிளெயிம் ஆகக் கூடியது 1,500 அடிக்கு 1,500 அடி, அதாவது 51 ஏக்கர் சொச்சம், எட்டால் பெருக்கினால் கணக்கு சரியாக வரும். ஆனால் அது காணி இல்லை, உங்கள் கையில் வருவது காணி உறுதியும் இல்லை. நிலத்துக்கு அடியிலுள்ள கனிமத்தைத் தேடி எடுக்கும் உரிமை மட்டும்தான் அது. மேல்மண்ணைச் சுரங்க வேலைக்குத் தேவையான அளவுக்குப் பாவிக்கலாம், வேறு எதற்கும் இல்லை. ஊரில் பனையைக் குத்தகைக்கு எடுத்தவர் கள்ளுச் சீவலாம், அந்தப் பனையடியில் வீடு கட்ட முடியாதல்லவா, அதுதான் இங்கேயும். விடுமுறைக்குப் போய் நிற்க வீடு கட்டலாம் என்று ஒருவர் கிளெயிம் விற்க வந்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

சரி, 83 வீதம். பீல் ஆற்றின் வடிநிலத்தில் திட்டத்துக்குள் வரும் பகுதி 67,000 சதுர கிலோமீற்றருக்கு மேல், கிட்டத்தட்ட இலங்கை அளவு. மேற்கு ஓரமாகப் போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையை விட்டால் உள்ளே எல்லாக் காலத்துக்குமான தெரு என்று ஒன்று இல்லை. 2019 ஓகஸ்டில் யூக்கொன் அரசும் நான்கு முதற்குடி (பூர்வகுடி மக்களின்) அரசுகளும் கையெழுத்திட்ட நிலப் பயன்பாட்டுத் திட்டம் இதில் 55 வீதத்தை நிரந்தரமாகவும் 28 வீதத்தை, பிறகு மீளாய்வு செய்யலாம் என்ற நிபந்தனையோடும் பாதுகாக்கிறது. அந்த இரண்டு வகைக்குள்ளும் புதிதாக எல்லைக்கு முளை அடித்துக் கிளெயிம் போட முடியாது. மீதி 17 வீதத்தைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை, உங்கள் கேள்வி அதைப் பற்றியது இல்லை.

இப்போது தரகர் தொங்கிக்கொண்டிருக்கும் விதிவிலக்கு. பழைய கிளெயிம்கள் செல்லும். உண்மைதான், திட்டம் அவற்றைப் பறிக்கவில்லை. ஆனால் செல்லும் என்பதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். ஒவ்வொரு கிளெயிமுக்கும் வருடம் 100 டொலர் பெறுமதியான வேலை செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்தக் காசைக் கட்ட வேண்டும். எட்டுக்கும் வருடம் 800. இதைத் தவறவிட்டால் கிளெயிம் காலாவதி, பாதுகாத்த பகுதியில் காலாவதியானால் நீங்களோ வேறு எவரோ அதே இடத்தில் திரும்ப முளை அடிக்க முடியாது, போனது போனதுதான். காசைக் கட்டிக் காப்பாற்றி வைத்தாலும், இயந்திரம் இறக்கித் துளையிடும் வேலைக்கு அனுமதி வேண்டும், சூழல் மதிப்பீடு வேண்டும், திட்டத்தோடு பொருந்துகிறதா என்ற கேள்வியும் அங்கே வரும். எல்லாம் தாண்டினாலும் பாதுகாத்த பகுதிக்குள் புதிய தரைவழி கிடையாது. பொனட் புளூம் பக்கம் போவதென்றால் ஹெலிகொப்டர், இல்லாவிட்டால் மிதவை விமானம். தெரு இல்லாத இடத்திலிருந்து தாதுக்கல்லை எப்படிக் கொண்டுவருவது? அரிதாகிவிட்டதால் விலை ஏறும் என்பது தெருவோரக் காணிக்குப் பொருந்தும். தெருவே வர முடியாத இடத்துக் கிளெயிம் எவ்வளவு அரிதென்றாலும் வாங்க ஆள் வேண்டுமே.

அடுத்து அவர், "ஆட்சி மாறினால் திட்டமும் மாறும்" என்பார். ஒருமுறை அதையும் செய்து பார்த்தார்கள். 2004இல் அமைந்த திட்டமிடல் ஆணைக்குழு ஏழு வருடம் மக்களிடம் கேட்டு, 80 வீதத்தைப் பாதுகாக்கலாம் என்று 2011இல் இறுதிப் பரிந்துரை கொடுத்தது. யூக்கொன் அரசாங்கம் 2014இல் அதைத் தலைகீழாக்கி 71 வீதத்தைத் திறந்துவிடத் தன் சொந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதற்குடிகளும் சூழல் அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள், 2017 டிசம்பர் 1 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் அங்கீகாரத்தை ரத்துச் செய்தது. முதற்குடிகளோடு செய்த 1993 உடன்படிக்கையில் எழுதிய நடைமுறையைக் கடைசிக் கட்டத்தில் தூக்கி எறிய முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இனி எந்த அரசும் தனியாக இதைக் கலைக்க முடியாது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஆணைக்குழு 2004இல் வேலை தொடங்கியபோதே புதிய முளை அடிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். 2010 வரை நிறுத்தவில்லை. ஒரு பக்கம் வரைபடம் விரித்துக் கூட்டம் நடத்திக்கொண்டே மறுபக்கம் யுரேனியம் அது இது என்று ஆயிரக்கணக்கில் கிளெயிம் பதிய விட்டார்கள். கரிபூ மான்கள் கடந்துபோகும் நிலம், ஃபோர்ட் மக்பெர்சன் ஊரைத் தொட்டு ஓடும் ஆறு, அதற்கு இவ்வளவுதான் அக்கறை. உங்கள் தரகர் விற்கும் சரக்கு அந்த ஆறு வருட அசட்டையில் முளைத்ததாகவே இருக்கும். 1993இலிருந்து 2019 வரை 26 வருடத்தில் முழு யூக்கொனுக்கும் முடித்த வட்டார நிலப் பயன்பாட்டுத் திட்டம் இரண்டே இரண்டு, இந்த வேகத்துக்குள்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

இன்னொரு ஆசை வார்த்தையும் வரும்: "அரசாங்கம் நட்டஈடு கொடுத்து வாங்கும்." பிரிட்டிஷ் கொலம்பியாவில் விண்டி கிராகி என்ற இடத்தை உதாரணம் காட்டுவார்கள், அது பெருமளவு துளையிட்டு அளந்த செப்புப் படிவு, ஒரு கம்பனி சுரங்கத்துக்கே திட்டம் போட்டிருந்த இடம். வெறும் எட்டுக் கிளெயிமுக்கு அப்படி எவரும் வாக்குக் கொடுக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் கேட்கவில்லையென்றால், ஒவ்வொரு கிளெயிமின் பதிவு எண்ணையும் கேளுங்கள். தரகர் சாக்குச் சொன்னால் விடை கிடைத்துவிட்டது. எண் தந்தால் யூக்கொன் அரசின் இணைய வரைபடத்தில் இலவசமாகத் தேடலாம், உரிமையாளர் பெயரும் காலாவதித் தேதியும் அதில் இருக்கும். உரிமையாளர் அவர் இல்லையென்றால், அல்லது தேதி இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறதென்றால், ஏன் அவசரப்படுத்துகிறார் என்று புரிந்துவிடும். மேயோவிலுள்ள சுரங்கப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாலும் சொல்வார்கள். விற்பனைப் பத்திரம் அங்கே பதிவாகாமல் ஒரு டொலரும் கை மாறக் கூடாது. "பங்கு" என்று சொல்லி எட்டில் ஒன்றை நாலு பேருக்குப் பிரித்து விற்பவரிடம் பத்திரம்கூடக் கேட்க வேண்டாம், எழும்பி வந்துவிடுங்கள். முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், பிரதியை வைத்திருங்கள், தர மறுத்தால் சட்டத்தரணியிடம் போங்கள்.