மலையகத்திலிருந்து சுற்றாடல் பொருளியல் பேராசிரியர் ஆக முடியுமா?

மகள் ஹட்டனில் உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறாள், உட்கட்டமைப்பு, சுற்றாடல் கொள்கை பற்றி ஆராயும் பேராசிரியராக வர ஆசைப்படுகிறாள், அதில் என்னதான் வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரட்டும். நானும் தலவாக்கலைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, பேராதனையில் பொருளியல் படித்து, இந்தத் துறையில்தான் ஆய்வு செய்கிறேன்.

படிகள் வழக்கமானவைதான்: நான்கு வருட சிறப்புப் பட்டம், நல்ல வகுப்புச் சித்தி, விரிவுரையாளர் பதவி, முதுமாணி, கலாநிதி. அப்புறம் எல்லாம் ஆய்வுக் கட்டுரைகளைப் பொறுத்தது.

வேலை என்னவென்றால், ஒரு திட்டத்தின் கணக்கில் விடுபட்டதைத் தேடிச் சேர்ப்பது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 150 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியது. மின்சாரத்துக்கு அலகு விலை உண்டு. தண்ணீரின் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் போய் சென் கிளேயர் அருவி மெலிந்ததற்கு விலை எங்கே இருக்கிறது? உமா ஓயா நீர்த் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டும்போது, 2014 கடைசியில், நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. அந்த நட்டத்தை எப்படி அளப்பது?

மக்களிடமே கேட்பது ஒரு முறை: தண்ணீர் தடையில்லாமல் வர மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்? ஒரு லயத்தில் இப்படிக் கேட்டபோது, குடத்தை இறக்கி வைத்த அக்கா, "பீலித் தண்ணிக்கு யாரு தம்பி காசு கட்டினது?" என்றார். நாள் சம்பளத்தில் வாழ்பவர் சொல்லும் தொகை சிறிதாகத்தான் இருக்கும். அதை அப்படியே எழுதினால் அவருடைய தண்ணீர் மலிவு என்று அறிக்கை சொல்லிவிடும். அதனால் குடம் சுமக்கும் நேரத்தையும் விட்டுப்போன வேலையையும் கணக்கிட வேண்டும். காணி உறுதி இல்லாத குடும்பத்தின் இழப்பையும் விடக்கூடாது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் யாரும் சொல்லாமலே தோன்றும். அதனால்தான் நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வரவேண்டும் என்கிறேன்.

கழிவு வீதம் என்று ஒன்றும் உண்டு: எதிர்காலத்தில் வரும் தொகையை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர வருடத்துக்கு எத்தனை சதவீதம் குறைப்பது என்பதுதான் அது. 50 வருடம் கழித்து வரும் 100 மில்லியன் ரூபாய் இழப்பை 10 சதவீதத்தில் கழித்தால் இன்றைய பெறுமதி 1 மில்லியன்கூட இல்லை. 3 சதவீதத்தில் கழித்தால் கிட்டத்தட்ட 23 மில்லியன். வீதத்தை எவ்வளவு என்று வைப்பதிலேயே பேரப்பிள்ளைகளின் பங்கு முடிவாகிவிடுகிறது.

ஆகவே இப்போதே கணிதத்தையும் புள்ளிவிபரவியலையும் பலமாக்கச் சொல்லுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் வாசிக்கப் பழகட்டும். பல்கலைக்கழகம் போனதும் இறுதியாண்டு ஆய்வுக்குத் தூரத்து ஊர் எதையும் தேடாமல், தன் தோட்டத்துத் தண்ணீரையே எடுக்கட்டும்.