குரல் இல்லாத ஆல்பம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களிலிருந்து உங்கள் கதைகளை வாசித்து வருகிறேன். வயது 26. நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. நடிகனாக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே ஆசை. நீங்கள் சினிமாவுக்கு வசனம் எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் போர்ட்ஃபோலியோ எடுத்துத்தர 40,000 ரூபாய் கேட்கிறார்கள். ஐந்து காஸ்ட்யூம், மேக்கப், டச்சப் செய்த 30 படங்கள், அச்சடித்த ஆல்பம். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். இப்போதைக்கு இங்கே நண்பர் எடுத்த படங்களையும் ஒரு அறிமுக வீடியோவையும் இணைத்திருக்கிறேன். எத்தனை லுக் வேண்டும்? கறுப்பு வெள்ளைப் படங்கள் அவசியமா? என் முன்பற்களுக்கு நடுவில் சந்து இருக்கிறது, அதைச் சரிசெய்த பிறகுதான் படம் எடுக்க வேண்டுமா? விஜய் சேதுபதியும் கணக்கு எழுதியவர்தானே என்ற நம்பிக்கையில் இருக்கிறேன். பின்னணி இல்லாதவர்களுக்குச் சினிமாவில் இடம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் இந்தப் போர்ட்ஃபோலியோ படங்களைப் பற்றியேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நான் வசனம் எழுதும் ஒரு படத்துக்கு ஆள் தேர்வு நடக்கிறது. சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை. ரைஸ் மில்காரரின் மச்சான் என்று ஒரு சின்ன வேடம், இரண்டே காட்சி. உதவி இயக்குநர் லேப்டாப்பில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகிறார். கோட்டு, கூலிங் கிளாஸ், பைக்கில் சாய்ந்து ஒன்று, ஜன்னலோரம் சோகமாக ஒன்று. யார் தோலிலும் ஒரு பருவோ தழும்போ கிடையாது. அவர்களில் ஒருவரைக்கூடத் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க முடியவில்லை. மறுநாள் உங்கள் படங்கள் வந்தன. அதே கோட்டு. தம்பி, நாமக்கல் வெயிலில் அதை யாரிடம் இரவல் வாங்கினீர்கள்?

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வடபழனியிலும் வளசரவாக்கத்திலும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய காலம் போய்விட்டது. இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் போகிறது. நேராகப் பார்த்து ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, இடுப்பளவு ஒன்று, தலை முதல் கால்வரை ஒன்று, சிரித்தபடி ஒன்று. வெற்றுச் சுவர், காலை வெளிச்சம், வீட்டில் போடும் சட்டை, செல்போன் கேமரா போதும். மீசையை எடுத்தால் படத்தையும் மாற்றுங்கள். உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிப் போடாதீர்கள், இன்னொருவர் பக்கத்தில் நிறுத்தியதும் தெரிந்துவிடும். கறுப்பு வெள்ளை வேண்டாம். பல்லில் கை வைக்காதீர்கள். நடிப்பவனுக்குத்தான் பணம் தருவார்கள். பதிவுக் கட்டணம், கோ-ஆர்டினேட்டர் கமிஷன் என்று உங்களிடம் முன்கூட்டிக் கேட்கிறவன் ஆள் தேர்வு செய்யவில்லை, ஆள் பிடிக்கிறான்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உங்கள் வீடியோவுக்காக.

‘ஹாய், ஐ ஆம்’ என்று ஆரம்பிக்கிறீர்கள். அப்புறம் எந்த ஊரிலும் எவரும் பேசாத ஒரு தமிழ். டிவி தொகுப்பாளர்களுடையது. நாமக்கல் எங்கே போயிற்று? வாக்கியத்தின் கடைசியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் அந்த ‘ங்க’ எங்கே? நடுவில் யாரோ கதவைத் திறக்கிறார்கள். நீங்கள் திரும்பி, “அக்கட்டால போங்க, ரெக்கார்டு ஓடுதில்ல” என்கிறீர்கள். வெட்ட மறந்திருப்பீர்கள். நீங்கள் அனுப்பிய அத்தனையிலும் உயிரோடு இருப்பது அந்த மூன்று விநாடிதான். அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

நம் சினிமாவில் ஆளைப் படம் பார்த்தே எடுக்கும் பழக்கம் ஏன் வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. குரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி. படப்பிடிப்பில் எப்படிப் பேசினாலும் டப்பிங் தியேட்டரில் மறுபடி பேசலாம், தேவைப்பட்டால் வேறொருவரையே பேசவைக்கலாம். எத்தனையோ கதாநாயகிகள் சொந்தக் குரலில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். 2004இல் ‘விருமாண்டி’யில் படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்தார்கள் என்பதைப் பெரிய விஷயமாகப் பேசிக்கொண்டோம் என்றால் மற்ற படங்களின் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் நம்மிடம் இருந்த வழக்கம் தலைகீழ். நாடக மேடையில் பாடிப் புகழ்பெற்ற கே.பி. சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராக நடித்தார். ஆண் வேடம். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! படம் பெரிதாக ஓடவில்லை, அது வேறு கதை. ஆனால் அந்தப் பணத்தை எடுத்து வைத்தவர்கள் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா வைத்தார்கள்? ‘பராசக்தி’யை எடுத்துக்கொள்ளுங்கள், 1952. வி.சி. கணேசன், அதாவது நம் சிவாஜி, ஒல்லியாக இருக்கிறார், வேறு ஆளைப் போடலாம் என்று ஏவிஎம் ஸ்டூடியோ முதலாளி ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்குத் தயக்கம். படத்தின் தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள்தான் இவரேதான் என்று உறுதியாக நின்றார். இன்றைய கணக்கில் செட்டியாரின் தயக்கம் நியாயமானதுதான், கன்னம் ஒட்டிய பையன். பெருமாள் அந்தப் பையனை நாடக மேடையில் பார்த்தவர். படம் மட்டும் பார்த்தவரில்லை, கேட்டவர். அந்த நீதிமன்றக் காட்சியைக் கன்னத்துக்காக நினைவில் வைத்திருக்கிற ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

எங்கள் சிவகங்கைப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் வைப்பார்கள். கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகியான ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், சிரிப்புக் காட்டும் பபூன் வேறெங்கிருந்தோ. ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில்தான் சேர்ந்து நிற்பார்கள். நோட்டீசில் ராஜபார்ட்டின் படம் இருக்கும், எந்தக் காலத்திலோ எடுத்தது. ஒரு வருஷம் வள்ளி திருமணத்தில் முருகனாக வந்தவருக்கு நல்ல தொப்பை, முன்மண்டை வழுக்கை. பஸ்ஸிலிருந்து அவர் இறங்கும்போது இளவட்டங்கள் நோட்டீசையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். நடுச்சாமம் நெருங்கும்போது மனிதர் திரைக்குப் பின்னால் இருந்தபடியே பாட்டை எடுத்தார். ஆர்மோனியக்காரர் சுருதியைத் தேடிப் பிடிப்பதற்குள் மேல் ஸ்தாயிக்குப் போய்விட்டார். டீக்கடைப் பக்கம் ஒதுங்கியிருந்த கூட்டம் ஓடிவந்து உட்கார்ந்தது. பாடி முடித்துத்தான் வெளியே வந்தார், அதே தொப்பையோடு. என் அத்தை பக்கத்திலிருந்தவளிடம், “சின்ன வயசுப் பயதான்டி” என்றாள்.

மேடை வேறு, குளோசப் வேறு என்பீர்கள். தெரியும். குளோசப்பில் இன்னும் மோசம், மெல்லப் பேசினாலும் பொய் கேட்கும்.

வேலையைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் கூச்சத்தோடு. எனக்கு லாரி புக்கிங் ஆபீசுகள் கொஞ்சம் பழக்கம். காலையிலிருந்து போன். லோடு கொடுக்கிற பார்ட்டியிடம் ஒரு குரல். வாடகை கட்டாது என்கிற லாரி ஓனரிடம் ஒரு குரல். ஓங்கோல் பக்கம் டயர் வெடித்து நிற்கிற டிரைவரிடம், திட்டும் தேற்றலும் சேர்ந்த குரல். நாக்பூர் குடோன்காரரிடம் உடைந்த இந்தியில் இன்னொன்று. வண்டி பட்டறையை விட்டே கிளம்பாதபோது “சேலம் தாண்டிருச்சுங்க” என்று பிசிறில்லாமல் சொல்கிற குரல் ஒன்று இருக்கிறதே, அது ஒன்று போதும். இதையெல்லாம் தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துவிட்டு, நடிப்பு அனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறீர்கள். உங்களை என்ன செய்வது? அந்த ஸ்டூடியோக்காரர் 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு முதலில் துடைத்தெடுக்கப் போவது இந்த ஆளைத்தான்.

மறுபடி எடுங்கள். போனைப் படுக்கைவாட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், எல்லாம் உங்கள் வீட்டில் பேசுகிற பேச்சில். அப்புறம் டயர் வெடித்த டிரைவரோடு நீங்கள் பேசுவது, உங்கள் பக்கத்துப் பேச்சு மட்டும். எதிராளி பேசும்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் அல்லவா, அந்த முகமும் அதில் வந்துவிடும். பிரபலமான பட வசனம் எதையும் பேசிக் காட்டாதீர்கள். பார்க்கிறவர் காதில் அசல்தான் ஓடும்.

விஜய் சேதுபதி விஷயம். இப்படிக் கடிதம் எழுதுகிற எல்லோரும் அவருடைய கணக்கு வேலையைக் குறிப்பிடுகிறீர்கள். அவர் கணக்குப் பார்த்தது கூத்துப்பட்டறையில். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய நாடகக் குழு. கணக்கு எழுதும் மேசைக்கு அப்பால் நடிகர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறமும் பல வருஷம் சின்னச் சின்ன வேடங்கள், குறும்படங்கள். 2010இல்தான் ‘தென்மேற்குப் பருவக்காற்று’. நீங்கள் இத்தனையிலும் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். சேலம், தருமபுரிப் பக்கம் இன்னும் கூத்து நடக்கிறது. எப்போதாவது விடிய விடிய உட்கார்ந்து பார்த்ததுண்டா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

பின்னணி பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். இடம் இல்லை என்று நான் சொன்னால் நின்றுவிடப் போகிறீர்களா?

அந்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள். வீடியோவில் பேசிய தமிழில் கேட்காதீர்கள், வாடகை பாக்கி வைத்த பார்ட்டியிடம் எப்படிக் கேட்பீர்களோ அப்படி.