தோற்றத்தை வைத்தே மதிப்பிடுகிறார்கள். என் உண்மையான அடையாளம் எது?

மீனவக் குடும்பத்தில் பிறந்து இராமநாதபுரத்தில் அலுவலக வேலை பார்க்கிறீர்கள் என்றும், நிறத்தையும் உடையையும் பேச்சையும் வைத்தே அங்கே உங்களை எடைபோடுகிறார்கள் என்றும், அவர்களுக்காக ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்ததில் நான் யார் என்பதே பிடிபடவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். தோற்றத்தால் தாழ்த்தப்பட்டவர்கள் இதற்கு நிறையப் பதில் எழுதுவார்கள். நான் தோற்றத்தால் உயர்த்தப்பட்டவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பாம்பன் பகுதியில் கடற்பாசி வாங்கும் வியாபாரி ஒருவரிடம் பதினோரு ஆண்டுகள் கணக்குப் பிள்ளையாக இருந்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்தில் செபமாலை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் முதல் வரிசை. வாசகம் வாசிப்பதும் நான்தான். கடைத்தெருவில் நடந்தால் பெரியவர்கள்கூட எழுந்து வணக்கம் சொல்வார்கள். அந்த வணக்கத்தைத்தான் என் விசுவாசத்தின் அளவாக நான் நினைத்திருந்தேன்.

பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டையைப் போட்டு, பாறையும் பவளமும் கிழிக்காதிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசலைச் சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பறித்து இடுப்பில் கட்டிய வலைப்பைக்குள் திணித்துக்கொண்டு மேலே வருவார்கள். ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் சேரும் அகர் அந்தப் பாசியிலிருந்து வருகிறது. ஆனால் உப்புப் பூத்த சேலையோடு அவர்கள் பேருந்தில் ஏறினால், வாடை அடிக்கிறது என்று பக்கத்து இருக்கையில் இருப்பவர் எழுந்துவிடுவார். பல முறை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுந்தவர்களில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன்.

காய்ந்த பாசியில் மணலும் ஈரமும் இருக்கும் என்பதால் எடையில் கழிவு பிடிப்பது வழக்கம். எங்கள் கடையில் நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ என்று பேச்சு. முதலாளி சொன்னபடி நான் எட்டு எழுதினேன். அந்தப் பெண்களில் பலருக்கு நோட்டைப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களும் செபமாலை அணிந்தவனிடம் நோட்டைக் காட்டு என்று கேட்கவில்லை. உண்மையில், அந்த மூன்று கிலோவைத் திருடியது என் கையைவிட அதிகமாக என் வெள்ளைச் சட்டைதான்.

ஒரு நாள் மாலை கடையைப் பூட்டும் நேரத்தில், சின்னப்பாலத்திலிருந்து பாசி கொண்டுவரும் அக்கா ஒருவர் திரும்பி வந்தார். விரல்களில் துணி அப்படியே இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஈரமான ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை என் மேசைமேல் வைத்தார்.

"கூடக் கொடுத்துட்ட தம்பி. வீட்டுல போயி எண்ணயிலதான் தெரிஞ்சது. ஒன் சம்பளத்துல புடிச்சிருவாக."

அந்தத் தாளின் அடியில், மேசைமேல், அவருக்கே எட்டுக் கிலோ கழித்த நோட்டு விரிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கோயிலுக்கு வந்தாலும் கடைசியில் வாசலோரம் நிற்பவர். பல வாரம் வராமலும் இருப்பார். அவரைப் பார்த்து 'பக்தி இல்லாத கூட்டம்' என்று நானே பேசியிருக்கிறேன்.

அன்றிரவு செபமாலையை உருட்ட முடியவில்லை. விவிலியத்தில் ஈசாயின் மூத்த மகனுடைய உயரத்தையும் முகத்தையும் பார்த்து இவன்தான் அரசன் என்று இறைவாக்கினர் சாமுவேல் எண்ணியதையும், கடவுள் அவனை விலக்கிவிட்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீதை அழைத்துவரச் செய்ததையும் நான் எத்தனையோ முறை மேடையில் ஏறி வாசித்திருக்கிறேன். வாசித்தவனுக்கே அது கேட்டிருக்கவில்லை.

செபமாலை அணிவதையும் நல்ல உடை உடுத்துவதையும் குறை கூறுகிறான் என்று இதைப் படித்துவிட்டுச் சிலர் எழுதக்கூடும். அப்படியல்ல, என் கழுத்தில் இன்றும் செபமாலை இருக்கிறது. கிழிந்த சேலை கட்டியவரெல்லாம் நேர்மையானவர் என்றும் நான் சொல்லவில்லை. நம் மண்ணிலேயே ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இயேசு சபைத் துறவி அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) எண்ணிப் பாருங்கள். லிஸ்பனில் பிறந்தவர், இங்கே வந்து காவி உடுத்தார், புலால் விட்டார், பண்டாரசாமி எனப்படும் தமிழ்த் துறவியாக வாழ்ந்தார். உடையை அவர் மாற்றிக்கொண்டது எளிதில் நடந்தது. ஆனால் பல மனைவியரோடு வாழ்ந்து திருமுழுக்குக் கேட்ட மறவர் தலைவர் தடியத்தேவரிடம், ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்ற நிபந்தனையை அவர் தளர்த்தவில்லை. அப்படி விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னரின் உறவுப்பெண் என்பதால் அதுவே அவருடைய உயிருக்கு வினையாயிற்று. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. நானோ உடையில் ஒரு மடிப்பும் கலையாமல் காத்துக்கொண்டு, கணக்கில் வளைந்தேன். நீங்கள் உங்கள் பேச்சையும் உடையையும் மாற்றிக்கொண்டதற்காக இவ்வளவு வருந்துவது எனக்கு மிகையாகத் தோன்றுவது இதனால்தான்.

அக்கா பணத்தைத் திருப்பித் தந்த மறுநாள், ஐந்து கிலோதான் எழுதுவேன் என்று முதலாளியிடம் சொன்னேன். நான்கு மாதத்தில் வேலை போயிற்று. கோயிலில் நன்கொடையாளர் படம் போட்ட பதாகையில் அவர் இன்றும் கைகூப்பி நிற்கிறார். எனக்கு வணக்கம் சொன்னவர்களில் சிலர் இப்போது சொல்வதில்லை. அந்த வருத்தம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அந்த அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் என்னைத் தேற்றவில்லை. பாசியை மணலில் பரப்பிக்கொண்டே நிமிராமல் கேட்டார்: "அப்ப இதுக்கு முன்ன எழுதினதெல்லாம்?"

பழைய நோட்டுகளின் கணக்கு என் நினைவிலும் என் கைப்பிரதியிலும் ஓரளவு இருந்தது. இருபத்து மூன்று குடும்பங்களுக்குக் கிலோவாகக் கணக்கிட்டு, கிடைக்கும் கூலியிலிருந்து சிறிது சிறிதாகக் கொடுத்துவருகிறேன். இன்னும் நான்கு குடும்பங்கள் பாக்கி. அவற்றில் ஒரு குடும்பம் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.